தலைக்கு எத்தனை குடம்? வீட்டுத் தண்ணீர் மீட்டர்: இரண்டு கோடை அனுபவம்

எங்கள் அடுக்ககத்தில் 36 வீடுகள். 2024 பிப்ரவரியில் வீட்டுக்கு மூன்று வீதம் 108 தண்ணீர் மீட்டர்கள் பொருத்தினோம். அதற்குப் பிறகு இரண்டு கோடை பார்த்தாகிவிட்டது. "போடலாமா, எவ்வளவு ஆகும், சண்டை வருமா?" என்று அக்கம்பக்கத்து அடுக்ககங்களிலிருந்து யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல அலுப்பாக இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். சண்டை வரும். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் சங்கத்தின் பொருளாளர். வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் தலையில்தான் சங்கப் பொறுப்பு வந்து விழும் என்பது எல்லா அடுக்ககங்களிலும் எழுதப்படாத சட்டம். கணக்கு கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பது சென்னைப் புறநகரில் பெரும்பாக்கம் பக்கம், மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில். மொட்டை மாடியில் நின்றால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம் தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் விரிந்து கிடந்தது, இப்போது மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு துண்டு. மீதி எங்கே போயிற்று என்று கேட்டால் நாங்கள் குனிந்து எங்கள் காலடியைத்தான் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். அதே வருடம் மே மாதம் சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், அடியில் வண்டல்தான் இருந்தது. குழாய்த் தண்ணீர் இணைப்பு எங்களுக்கு இன்னும் வரவில்லை. நான்கு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டோம். இரண்டு செத்துவிட்டன. ஒன்று செம்மண் நிறத்தில் இரும்புத் தண்ணீர் தரும். நான்காவது நல்ல தண்ணீர் தரும், ஆனால் மார்ச் தாண்டினால் மூச்சு வாங்கும். அப்புறம் லாரிதான்.

லாரி 12,000 லிட்டர். 2023 மே மாதம் ஒரு லோடு 1,500 ரூபாய், வாரத்துக்கு 14 லோடு. மாதாமாதம் பணம் கொடுப்பது நான் என்பதால் ஓட்டுநர் தம்பியோடு நல்ல பழக்கம். ஒருநாள் ரசீதில் கையெழுத்துப் போடும்போது, "எங்கேர்ந்துப்பா எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். "வெவசாயக் கெணறுதான்க்கா. போன வருசம் கிட்டக்கவே ஒரு கெணத்துல ரொப்புவோம். அது வத்திப்போச்சு. இப்ப அதுக்கும் அந்தாண்ட போறோம். அங்கயும் காலைல நாலு வண்டிதான், அப்புறம் ஊறட்டும்னு மோட்டார நிறுத்திடுவாங்க" என்றார். அந்தக் கிணற்றை நம்பி இருந்த நெல் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "நெல்லா? தண்ணியவே வித்துடறாங்கல்லக்கா" என்றார். ஹோஸ் சம்ப்புக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது.

சரி, மீட்டருக்கு வருவோம். அது எங்கள் வாசலுக்கு வந்ததே ஒரு வாட்ஸாப் செய்தியால்தான்.

2023 ஏப்ரலில் இந்தியா மக்கள்தொகையில் சீனாவை முந்துகிறது என்று ஐக்கிய நாடுகள் சபை சொன்னது ஞாபகம் இருக்கும். 142 கோடியைத் தாண்டிவிட்டோம். அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2022 நவம்பர் 15 அன்று, உலகத்தின் கணக்கு 800 கோடியைத் தொட்டிருந்தது. இரண்டாம் தளத்து சார் இந்த இரண்டு செய்தியையும் எங்கள் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: "இப்படிப் பெருகினால் பூமியில் தண்ணீர் எப்படி மிஞ்சும்? நம் அடுக்ககத்திலேயே பாருங்கள், சில வீடுகளில் ஏழு பேர். எல்லா வீட்டுக்கும் ஒரே லாரிக் கட்டணம் நியாயமா? தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வேண்டும்."

அதுவரை லாரிச் செலவை 36ஆல் வகுத்துச் சமமாகப் பிரித்து வந்தோம். அவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். இரண்டு பேர் வீடு ஏழு பேர் வீட்டுக்குச் சமமாகக் கொடுப்பதா என்று எனக்குள்ளும் ஒரு கணக்கு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டுத் தலைக்கணக்கு எடுக்கக் கிளம்பினேன்.

ஒரு படிவம் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். வந்த விடை: மொத்தம் 97 பேர். முதல் தளத்துப் பையன்கள் வீட்டில் மூன்று பேர் என்று எழுதியிருந்தார்கள். காலையில் அந்த வாசலில் ஆறு ஜோடி ஷூ இருக்கும். இன்னொரு வீட்டில் மாமியாரை எழுதவில்லை, "அவங்க வந்து போறவங்க" என்றார்கள். வந்து போகிறவர் மூன்று வருடமாகத் தினமும் சாயங்காலம் கீழே என்னோடு நடைப்பயிற்சி செய்கிறார். ஏழு பேர் வீட்டுக்காரர் மட்டும் ஏழு என்று சரியாக எழுதிவிட்டு, "அப்ப பிள்ளை பெத்ததுக்கு அபராதம், அப்படித்தானே மேடம்?" என்று சிரிக்காமல் கேட்டார். அன்றைய கூட்டம் இரவு பதினொன்றரை வரை போயிற்று. நான்காம் தளத்தில் இருக்கும் பெண், ஏதோ மென்பொருள் வேலை, கடைசியில் எரிச்சலோடு சொன்னாள்: "யார் வீட்டில் எத்தனை பேர்னு ஏன் எண்ணணும்? யார் வீட்டில் எத்தனை லிட்டர்னு எண்ணுங்க."

அப்படித்தான் மீட்டர்.

வாங்கும்போது இரண்டு வகை வந்தன. ஒன்று நவீன ரகம்: உள்ளே சுழலும் பாகம் கிடையாது, ஒலியலையால் அளக்கும், அளவு நேராக போன் செயலிக்கு வந்துவிடும். ஒன்றுக்கு 4,500 ரூபாய், மேலே வருடச் சந்தா. 108க்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு விற்பனைப் பிரதிநிதிக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். இன்னொன்று நம் பழைய ரகம்: பித்தளை உடம்பு, உள்ளே சின்னச் சக்கரம், மேலே கண்ணாடி, அதற்குள் எண்கள். அரை அங்குலக் குழாய்க்கானது, 15 எம்எம் என்று கேட்டு வாங்க வேண்டும். மீட்டர், இரு பக்க யூனியன், பால் வால்வு, வடிகட்டி, கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 1,700 ரூபாய். மொத்தம் 1,83,600. வீட்டுக்கு 5,100. இதைத்தான் வாங்கினோம், இதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வீட்டுக்கு ஏன் மூன்று என்று கேட்பீர்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரே குழாயில் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தால் ஒன்று போதும். நம் ஊரில் கட்டுபவர்கள் அப்படிக் கட்டுவதில்லை. இரண்டு குளியலறைக்கும் தனித்தனி டக்ட் (குழாய்களுக்காகச் சுவரோரம் விடும் குறுகிய சந்து) வழியாக இறங்கும் குழாய், சமையலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் சேர்த்து இன்னொன்று. மீட்டர் போட நினைப்பவர்கள் முதலில் எண்ண வேண்டியது இந்தக் குழாய்களை. எங்களுக்குப் பக்கத்து அடுக்ககத்தில் வீட்டுக்கு ஐந்து. அவர்கள் அன்றைக்கே கைவிட்டுவிட்டார்கள்.

பொருத்துவதில் நாங்கள் செய்த பெரிய தப்பு ஒன்று. இந்த மீட்டரைப் படுக்கை வசமாக, முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. டக்டுக்குள் குழாய் செங்குத்தாக ஓடுகிறது, இடமும் இல்லை. பிளம்பர் முதல் எட்டு மீட்டரைச் செங்குத்தாகவே மாட்டிவிட்டார். சோதிக்கலாம் என்று ஒரு வீட்டில் 15 லிட்டர் வாளியைப் பத்து தடவை நிரப்பினோம். 150 காட்ட வேண்டியது, 131 காட்டியது. "தம்பி, படத்தைப் பார்த்தீங்களா இல்லையா?" என்றேன். "படத்துல டக்ட் இல்லையே மேடம்" என்றார். நியாயமான பதில்தான். பிறகு ஒவ்வொன்றுக்கும் குழாயை வளைத்து ஒரு முழம் படுக்கை வசமாக ஓடவிட்டு மாட்டினார். கூலி ஏறியது. நீங்கள் போடும்போது இந்த வாளிச் சோதனையை முதல் மீட்டரிலேயே செய்துவிடுங்கள்.

இப்போது நான் தவிர்த்துவிடலாமா என்று யோசித்த பகுதி.

மார்ச் 1 காலை 108 மீட்டரையும் போனில் படம் எடுத்தேன். ஏப்ரல் 1 மறுபடி எடுத்தேன். ஒன்றரை மணி நேர வேலை. டக்ட் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். கறுப்பு எண்கள் கிலோ லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். சிவப்பில் இருப்பவை அதற்குக் கீழ். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழித்து எழுதினேன். ஏழு பேர் வீடு: 22,000 லிட்டர். நினைத்ததுதான் என்று மேலே போனேன். எங்கள் வீடு: 21,000.

எழுதியது தப்பு என்று நினைத்தேன். திரும்பக் கழித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 31 வருடம் கணக்குப் பார்த்தவளுக்கு ஒரு கழித்தல் எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வரும் என்று தெரியாதா? ஏழு பேர் வீட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் சொச்சம். எங்கள் வீட்டில் ஒருவருக்கு கிட்டத்தட்ட 340.

அந்த ஏழு பேர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது அவர் கீழே உட்கார்ந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் கிலோ லிட்டர் அவருக்குப் பிடிபடவில்லை. "ஏத்தா, இது எத்தன கொடம்?" என்றார். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துச் சொன்னேன்: "உங்க வீட்டுக்கு ஆயிரத்து நானூத்தி அறுபது குடம் பாட்டி."

"ஒங்க வீட்டுக்கு?"

"ஆயிரத்து நானூறு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அம்புட்டையுமா ரெண்டு பேரு?" என்றார். கேலி எதுவும் அதில் இல்லை. அத்தனை குடத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் என்னதான் செய்ய முடியும் என்று உண்மையாகவே யோசிக்கிறார். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஊருணிக்கு நடந்து நாளைக்கு ஆறு குடம் சுமந்தவர். அவருடைய கணக்கில் நான் மாதத்துக்கு ஏழெட்டுப் பெண்களின் தலைச்சுமை.

அந்த வீட்டில் எப்படி 100 லிட்டரில் ஓடுகிறது என்று பிறகு போய்ப் பார்த்தேன். மாயம் ஒன்றும் இல்லை. எல்லோரும் வாளியில் குளிக்கிறார்கள். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு. துணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், இயந்திரம் நிறைந்தால்தான் சுற்றும். ஏழு பேருக்கும் ஒரே சமையல், ஒரே பாத்திரம் கழுவல். வீடு துடைக்கிற தண்ணீர் இரண்டு பேருக்கும் ஏழு பேருக்கும் ஒன்றுதானே? எங்கள் வீட்டிலோ மேலிருந்து மழை மாதிரி கொட்டும் அகலமான ஷவர், மகன் போன தீபாவளிக்கு மாட்டிக் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பிடித்துக் கார் கழுவாவிட்டால் தூக்கம் வராது. ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சத்தமில்லாமல் சிங்கில் விட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் பெரிய குற்றவாளி வேறு. அதைப் பிடித்துக் கொடுத்ததும் மீட்டர்தான், இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமும் அதுதான். எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன முக்கோணச் சக்கரம் இருக்கும், கொத்தமல்லி விதை அளவு. தண்ணீர் கொஞ்சம் ஓடினாலும் சுற்றும். இரவு பதினோரு மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டார்ச்சோடு டக்டுக்குள் தலையை விட்டேன். சமையலறை மீட்டர் அசையவில்லை. பெரிய குளியலறை அசையவில்லை. மகன் அறையை ஒட்டிய குளியலறை மீட்டரில் சிவப்பு முக்கோணம் மெதுவாக, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் பயன்படுத்தாத குளியலறை! உள்ளே போய்ப் பார்த்தால் ஃப்ளஷ் தொட்டியில் மிதவை ஒட்டிக்கொண்டு, தண்ணீர் நிறைந்து, நிரம்பி வழியும் குழாய் வழியாகக் கோப்பைக்குள் வழிந்துகொண்டிருந்தது. சத்தமே கிடையாது. டிஷ்யூ காகிதத்தைப் பின் சுவரில் ஒட்டிப் பார்த்தால்தான் ஈரம் தெரிகிறது. எத்தனை வருடமாகவோ தெரியாது. மிதவை வால்வு 280 ரூபாய். மாற்றியதும் ஏப்ரல் மாதக் கணக்கு 10,000 லிட்டருக்கு இறங்கியது. மாதத்துக்கு 11,000 லிட்டரை, கிட்டத்தட்ட ஒரு முழு லாரியை, ஆளில்லாத ஒரு கழிப்பறை குடித்துக்கொண்டிருந்தது. அதைத் தலைக்கணக்கில் எந்தத் தலையில் எழுதுவது?

அந்தக் கோடையில் 36 வீட்டில் 11 வீடுகளில் இதே மாதிரி ஒழுகல் கண்டுபிடித்தோம்.

இரண்டாம் தளத்து சாரை இங்கே நான் வில்லனாக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆள் பெருகினால் தண்ணீர் வேண்டும். 1872இல் புழல் ஏரியிலிருந்து மதராஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது நகரத்தில் சுமார் 4 லட்சம் பேர். 1951இல் 14 லட்சம். 2011 கணக்கெடுப்பில் பழைய நகர எல்லைக்குள் மட்டும் 46 லட்சம், சுற்றியிருக்கும் பெருநகரப் பகுதியைச் சேர்த்தால் 86 லட்சத்துக்கு மேல். ஆள் ஏற ஏறக் குழாய் நீண்டது: 1944இல் பூண்டி நீர்த்தேக்கம், 1996இல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நதித் தண்ணீர், 2004இல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வீராணம் ஏரி. 2010இல் மீஞ்சூர், 2013இல் நெம்மேலி என்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வைத்துக் கடலையே குடிக்க ஆரம்பித்தோம். அப்படியும் 2019 ஜூனில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரியும் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்துக்கு வந்து நின்ற அந்த ரயிலை டிவியில் பார்த்துவிட்டு நானும் கைதட்டினேன். அன்றைக்கும் என் மிதவை ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஆனால் இந்தப் பெருக்கம் ஏழு பேர் வீடுகளால் வந்தது இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்றுதான் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தலைமுறை அப்படியே நிலைத்து நிற்கவே 2.1 வேண்டும். உலக அளவிலும் பெருக்க வேகம் அறுபதுகளில் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தது, இப்போது ஒன்றுக்கும் கீழே. எங்கள் பகுதி பெருத்தது மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் வேலைக்காக வந்தவர்களால். எங்கள் 36 வீட்டில் இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. நான் தஞ்சாவூர், சார் திருநெல்வேலி. வந்த இடத்தில் ஊரில் இருந்த மாதிரியா புழங்குகிறோம்? தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கிணற்றில் அப்பா எட்டு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வார், அந்தத் தண்ணீர் அப்படியே வாழைக்குப் போகும். இங்கே அகல ஷவரில் போவது நேரே சாக்கடைக்கு.

லிட்டரை எண்ண ஆரம்பித்த பிறகு தலையை எண்ணத் தேவையில்லை என்று நினைத்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கட்டணம் எப்படிப் போடுவது? லிட்டருக்கு ஒரே விலை என்றால் காசுள்ளவர் கவலைப்பட மாட்டார். குறைந்த அளவுக்குக் குறைந்த விலை, மேலே போகப் போக ஏறும் விலை என்று வைத்தால், வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்பில் ஏழு பேர் வீடு எப்போதும் மேல் படியில்தான் நிற்கும். தலைக்கு 100 லிட்டரில் வாழ்பவர்களுக்கு அதிக விலை, தலைக்கு 340 செலவழித்தவளுக்குச் சலுகை! ஆகவே வரம்பை ஆளுக்கு வைக்க வேண்டும். நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசு அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டோம். அப்படியானால் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும்.

மறுபடி படிவம். இந்த முறை ஆள் கூடினால் சலுகை கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். விடை: 131 பேர். ஒரே வருடத்தில் 97 பேர் 131 ஆகிவிட்டார்கள். மூன்று பேராக இருந்த பையன்கள் வீட்டில் இப்போது ஏழு பேர். "வந்து போகும்" மாமியார் நிரந்தரமாகிவிட்டார், கூடவே ஒரு மாமனார் வேறு. அவர் இறந்து நாலு வருடம், நடைப்பயிற்சியில் மாமியாரே சொல்லியிருக்கிறார். 2021இல் எடுத்திருக்க வேண்டிய நாட்டின் கணக்கெடுப்பே தள்ளிப்போய்க்கொண்டிருந்த நேரம், 36 வீட்டை எண்ண எனக்கு நாக்குத் தள்ளியது. கடைசியில் தினமும் காலையில் கதவைத் தட்டிக் குப்பை எடுக்கும் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். படிவம் எதுவும் இல்லாமல், விரலை மடக்கி வீடு வீடாகச் சொன்னார். 112. யாரும் மறுக்கவில்லை. அந்த எண்தான் இன்றுவரை எங்கள் மக்கள்தொகை.

இப்போது கட்டணம் இப்படி: வரம்புக்குள் லிட்டருக்கு 13 பைசா, மேலே 20 பைசா, இரண்டு மடங்கைத் தாண்டினால் 30 பைசா. லாரித் தண்ணீர் எங்களுக்கு விழும் விலை லிட்டருக்குப் பன்னிரண்டரை பைசா. 2023 மே மாதம் போர் முழுதாக வற்றியிருந்தபோது வாரம் 14 லாரி, ஆளுக்கு நாளைக்கு 214 லிட்டர். 2024 மே மாதம் வாரம் 10 லாரி. 108 மீட்டரையும் கூட்டினால் மாதத்துக்கு 5,38,000 லிட்டர், ஆளுக்கு 155. கோடைக்கு அறுபத்தைந்தாயிரம் ரூபாய் சொச்சம் மிச்சம். மூன்றாவது கோடையில் மீட்டருக்குப் போட்ட காசு வந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தண்ணீருக்கு இந்த மீட்டர் ஆகாது. வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் சக்கரம் இறுகிக்கொள்ளும். 108இல் இதுவரை 9 நின்றுபோயின. 5 கழுவியதும் ஓடின, 4 மாற்றினோம். உத்தரவாதத்தில் மாற்றித் தர விற்ற கடையில் ஏழு வாரம் இழுத்தடித்தார்கள். மாடித் தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் இருக்கும் காற்றே சக்கரத்தைச் சுற்றிவிடும். தண்ணீர் வராத நாளில் அளவு ஏறிவிட்டது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார், அவர் சொன்னது சரி. தொட்டியைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. சொட்டுச் சொட்டாக விழும் குழாய் இதில் பதிவாகாது, ஓட்டம் ஓரளவாவது இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே ஈரம் பூத்தால் எண் தெரியாது. ஒரு வீட்டில் மீட்டர் மேல் காந்தம் ஒட்டியிருந்ததைப் பிளம்பர் கண்டுபிடித்தார். எந்த வீடு என்று எழுத மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும்.

மாதா மாதம் 108 படம் எடுப்பது இப்போது என் முழங்காலுக்கு ஆகவில்லை. அடுத்த ஏப்ரலுக்குள் நான்காம் தளத்துப் பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவேன். அவள் செயலி ரகம் வாங்கலாம் என்பாள், வாங்கட்டும். அதற்கு முன்னால் சம்ப்பின் வாய்க்கு இரண்டு அங்குல மீட்டர் ஒன்று போட்டுவிட வேண்டும். லாரியில் 12,000 என்று சொல்லி இறக்குவது உண்மையில் எவ்வளவு என்று பார்க்க எனக்கு ஆசை. இதைச் சொன்னதும் லாரி உரிமையாளர் போனில் சில நொடி பேசவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அரை மதிப்பெண் இரும்புத் தண்ணீருக்கு, அரை அந்தக் கடைக்காரர்களுக்குக் கழித்தது. வீட்டுக்கு மூன்று குழாய்க்குள் இருந்தால் யோசிக்காமல் போடுங்கள், மாட்டும்போது படுக்கை வசம், முதல் மாதப் பட்டியலை ஒட்டுவதற்கு முன் உங்கள் வீட்டு ஃப்ளஷ் தொட்டியைப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீடு இப்போது 8,400இல் நிற்கிறது. வரம்பு 8,100. போன மாதமும் 60 ரூபாய் கூடுதல் கட்டணம் கட்டினேன். அகல ஷவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.